தேன்: இருமலுக்கு நல்லதா? சுகர் உள்ளவங்க சாப்பிடலாமா? பச்சைக் குழந்தைக்கு ஏன் கூடவே கூடாது?

காலையில எழுந்ததும் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன். இருமலுக்கு இஞ்சிச் சாறும் தேனும். பழனி பஞ்சாமிர்தத்தில் தேன், தேன் நெல்லி, தேனும் தினைமாவும். நம்ம வீடுகளில் தேன் என்றாலே அது மருந்து, அதுல என்ன கெடுதல் வரப்போகுது என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஒரே ஒரு இடத்தில் அந்த நம்பிக்கை ஆபத்தாக முடியலாம். அதுவும் வீட்டுக்குப் புதுசா வந்த குழந்தைக்கு. அதனால் பலன்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாடி அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

சேனைத் தண்ணியில் தேன்... ஏன் டாக்டர்கள் வேண்டாம்னு சொல்றாங்க?

குழந்தை பிறந்ததும் சேனை வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் இருக்கு. வீட்டில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு குழந்தையின் நாக்கில் வைப்பார். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதற்குப் பின்னால் இருக்கும் பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. பிரச்னை தேனில்தான் இருக்கிறது.

மண்ணிலும் தூசியிலும் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் பெயர் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். அதன் விதை போன்ற வித்துகள் சில நேரம் தேனிலும் கலந்திருக்கும். பெரியவர்கள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முளைக்க விடாது. பிறந்த குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் உருவாகியிருக்காது. அங்கே வித்து முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். இதற்குப் பெயர் குழந்தை பாட்டுலிசம். 1976-ல் அமெரிக்காவில்தான் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. பாதிக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் 6 மாதத்துக்கும் குறைவானவர்கள்.

முதல் அறிகுறி ரொம்பச் சாதாரணமா இருக்கும்: மலச்சிக்கல். அப்புறம் குழந்தை பால் குடிக்கத் திணறும். அழுகைச் சத்தம் மெலிந்துபோகும். இமை பாதி மூடியபடி இருக்கும், தலை நிற்காது, கை கால் துவண்டு போகும். முற்றினால் மூச்சு விடவே கஷ்டப்படும். ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டி வரலாம், சில குழந்தைகளுக்கு வென்டிலேட்டரும் தேவைப்படும். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுகின்றன. இந்த அறிகுறிகள் தெரிந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல், உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்க. தேன் கொடுத்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்க.

"எங்க காலத்துல எல்லாருக்கும் தேன் தொட்டு வச்சோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்று பாட்டி கேட்பாங்க. நியாயமான கேள்விதான். இது அரிதான நோய். எல்லாத் தேனிலும் அந்த வித்து இருக்காது, இருந்தாலும் எல்லாக் குழந்தைக்கும் நோய் வராது. ஆனா எந்த பாட்டிலில் இருக்கு, எந்தக் குழந்தைக்கு வரும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. இன்னொரு பக்கம், தேன் கொடுக்காமல் விட்டால் குழந்தைக்கு எந்த நஷ்டமும் கிடையாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சேனை வைத்தே ஆகணும் என்று பெரியவங்க பிடிவாதமா இருந்தால், தாய்ப்பாலில் ஒரு சொட்டைத் தொட்டு வைக்கச் சொல்லிப் பாருங்க. பெரியவங்க மனசும் கோணாது, குழந்தைக்கும் ஆபத்தில்லை.

"நல்லாக் காய்ச்சி ஆற வச்சுக் கொடுக்கலாமே?" என்பதும் சரிவராது. இந்த வித்து கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. அதைக் கொல்ல 121 டிகிரி செல்சியஸ் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து வேண்டும். அதற்குப் பிறகு அது தேனாகவும் இருக்காது. ஒரிஜினல் தேன், மலைத்தேன், கம்பெனித் தேன் என எதற்கும் விதிவிலக்கு இல்லை. சுத்தமான தேன் என்றால் பரவாயில்லை என்ற எண்ணம் இங்கே செல்லாது.

உரை மருந்து கொடுக்கும் வீடுகளில் அதைத் தேனில் குழைக்கும் வழக்கம் உண்டு. நாக்கில் வசம்பைத் தேனில் இழைத்துத் தடவுவதும் உண்டு. சப்பும் ரப்பர் நிப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுப்பவர்களும் இருக்காங்க. 2018-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், தேன் அடைத்த நிப்பிளைச் சப்பிய நான்கு குழந்தைகளுக்கு இந்த நோய் வந்து, அந்நாட்டு அரசு எச்சரிக்கையே வெளியிட்டது. ஒரு வயது முடிந்த பிறகு தாராளமாகத் தேன் கொடுக்கலாம்.

சரி, தேனில் அப்படி என்னதான் இருக்கு?

நேராகச் சொன்னால், பெரும்பகுதி சர்க்கரை. சுமார் 80 சதவீதம் சர்க்கரை, 17, 18 சதவீதம் தண்ணீர். மீதி இருக்கும் கொஞ்சத்தில்தான் வாசனை, நிறம், நொதிகள், தாது உப்புகள், ஆன்டி ஆக்சிடன்ட்கள் எல்லாம் அடக்கம். "தேனில் இரும்புச்சத்து, கால்சியம் கொட்டிக் கிடக்கு" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். அவ்வளவு சத்து கிடைக்கணும்னா பாட்டில் பாட்டிலாக் குடிக்கணும்.

கலோரி கணக்கும் பலருக்கு ஆச்சரியமா இருக்கும். ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் சுமார் 16 கலோரி. ஒரு டீஸ்பூன் தேனில் சுமார் 21. தேன் அடர்த்தியானது, ஒரு ஸ்பூனில் எடை அதிகம் பிடிக்கும் என்பதே காரணம். இனிப்பும் கூடுதல் என்பதால் குறைவாகப் போட்டாலே போதும், லாபம் அவ்வளவுதான்.

அப்புறம் வெந்நீரில் தேன் குடித்தால் உடம்பு இளைக்குமா? தேனுக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதுவும் கிடையாது. ஆனா ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலா ஒரு ஸ்பூன் தேன் கலந்த தண்ணியைக் குடித்தால், அந்த அளவுக்குக் கலோரி குறையும். காபியையும் விடாம இதையும் சேர்த்துக் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும்.

சுகர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: தேன் சர்க்கரைக்கு மாற்று மருந்து இல்லை, அதுவும் ரத்த சர்க்கரையை ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் தன் கணக்கில் தேனையும் வெள்ளைச் சர்க்கரையையும் ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கு. "தேன்தானே" என்று டீயில் தாராளமா ஊற்றிவிட்டு, டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து அதிர்ச்சி அடைவதில் அர்த்தமில்லை.

இருமலுக்கு உண்மையிலேயே கேட்குமா?

கேட்கும். தேனைப் பற்றிச் சொல்லப்படும் பலன்களில் ஆராய்ச்சியின் ஆதரவு ஓரளவு நன்றாகவே இருப்பது இதற்குத்தான். 2007-ல் அமெரிக்காவில் சளி, இருமலோடு வந்த 105 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. படுக்கப்போவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு முறை தேன் கொடுத்த பிள்ளைகள், எதுவும் கொடுக்காதவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள், இருமலும் குறைந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 2018-ல் வெளியிட்ட அறிவுரையில் சாதாரண இருமலுக்கு முதலில் தேனை முயன்று பார்க்கலாம் என்றே சொல்லியிருக்கிறது. பெரும்பாலான இருமல் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

தேன் நோயைக் குணப்படுத்துவதில்லை. தொண்டையில் ஒரு படலம் போலப் படிந்து அரிப்பை அடக்குகிறது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இரவில் அரை ஸ்பூன் முதல் ஒரு ஸ்பூன் போதும். பெரியவர்கள் இஞ்சிச் சாறு, துளசி, மிளகுத்தூள் என எதோடு வேண்டுமானாலும் சேர்த்துக்கலாம். ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் தேன் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, சளிப் பரிசோதனைக்குப் போங்க. காசநோயாக இருக்குமோ என்று பார்ப்பது அவசியம். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை இலவசம்.

புண்ணுக்குத் தேன் தடவுவதும் பழைய வைத்தியம்தான், அதிலும் விஷயம் இருக்கு. தேனின் அமிலத்தன்மை, ஈரத்தை உறிஞ்சும் குணம், அதில் உள்ள நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் சேர்ந்து கிருமிகளை வளரவிடாது. இதை வைத்து மருத்துவத் தரத்தில் தேன் கட்டுகளே தயாரிக்கிறாங்க. ஆனா அது கிருமி நீக்கம் செய்யப்பட்ட தேன். நம்ம சமையலறை பாட்டில் அப்படிப்பட்டது இல்லை. தீப்புண் பட்டால் முதல் வேலை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதுதான். ஆழமான புண், சுகர் உள்ளவர்களின் கால் புண் இதிலெல்லாம் வீட்டுத் தேனைத் தடவிப் பரிசோதனை செய்ய வேண்டாம். உதடு வெடிப்புக்குத் தடவினால் தப்பில்லை. தலையில் பட்டால் முடி நரைக்கும் என்பது வெறும் கட்டுக்கதை.

ஒரிஜினலா, கலப்படமா? வீட்டு டெஸ்ட் எல்லாம் பலிக்குமா?

தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்கணும். தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசினால் பற்றணும். பேப்பரில் ஊறக்கூடாது. எறும்பு மொய்க்கக்கூடாது. நாய் நக்கக்கூடாது! இதையெல்லாம் கேட்காத வீடு இருக்காது.

வருத்தமான செய்தி, இது எதுவுமே நம்பத்தகுந்தது இல்லை. இந்த டெஸ்ட்களில் பாதி பார்ப்பது தேனின் கெட்டித்தன்மையையும் ஈரத்தையும்தான். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அடியில் போய் நிற்கும், பேப்பரிலும் ஊறாது. அதே நேரம், மலைத்தேனீயின் தேன் இயல்பிலேயே கொஞ்சம் தண்ணியா இருக்கும். கொசுத்தேன் இன்னும் நீர்த்து, புளிப்பாகவும் இருக்கும். அசல் கொசுத்தேன் இந்த டெஸ்டில் தோற்றுப்போகும், நல்லாத் தயாரித்த போலி பாஸாகிவிடும். எறும்புக்கு இனிப்புதான் முக்கியம், அசலா போலியா என்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குக் கிடையாது.

தேன் உறைந்துபோனாலும் "சர்க்கரை கலந்துட்டான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீங்க. தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவது இயற்கை. கடுகுப்பூத் தேன் போன்றவை சீக்கிரமே உறைந்துவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் பழையபடி இளகிவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம், வாசனை போய்விடும். ஃபிரிட்ஜில் வைப்பதும் தேவையில்லை, அங்கே இன்னும் வேகமாக உறையும். ஈர ஸ்பூனைப் போடாமல் இறுக்கி மூடி வைத்தாலே போதும். தண்ணீர் சேர்ந்தால்தான் தேன் புளிக்கும்.

கலப்படம் நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நன்றாகவே நடக்குது. முன்பு கரும்பு, மக்காச்சோளப் பாகைக் கலந்தார்கள். அந்தச் செடிகளின் சர்க்கரையில் உள்ள கார்பன் வேறு மாதிரி இருப்பதால் லேபில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு அந்த டெஸ்டில் சிக்காத அரிசிப் பாகு போன்றவை வந்தன. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்ற 13 பிராண்டு தேன்களை ஆய்வுக்கு அனுப்பியது. ஜெர்மனியில் என்.எம்.ஆர். என்ற நவீன முறையிலும் சோதித்தார்கள். எல்லா டெஸ்டிலும் தேறியது 3 பிராண்டுகள் மட்டுமே. நிறுவனங்கள் இதை மறுத்தன, எங்கள் தேன் இந்திய விதிகளின்படி சரியானதே என்றன. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு இந்த என்.எம்.ஆர். சோதனையை 2020 ஆகஸ்ட் 1 முதல் நம் அரசே கட்டாயமாக்கியிருந்தது. அவங்களுக்கு ஒரு தேன், நமக்கு ஒரு தேனா என்ற கேள்வி அப்போது எழுந்தது இயல்புதான்.

அப்படீன்னா என்ன செய்யலாம்? லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், முடிந்தால் அக்மார்க் முத்திரையும் இருக்கான்னு பாருங்க. எந்த ஊர், எந்தப் பூ, எப்போது எடுத்தது என்று சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவது நல்லது. குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களை நம்பித் தேனீப் பெட்டி வைக்கும் விவசாயிகள் நிறைய பேர். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கு. ரோட்டோரத்தில் அடையோடு பிழிந்து தருபவரிடம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: கையில் அடை இருப்பதால் மட்டும் பாட்டிலில் இருப்பது அந்த அடையின் தேன் என்று ஆகிவிடாது.

விலையையும் பாருங்க. ஒரு தேனீ தன் ஆயுள் முழுக்கப் பறந்து சேர்ப்பது ஒரு டீஸ்பூனில் சுமார் 12-ல் ஒரு பங்குதான் என்கிறார்கள். அப்படிச் சேரும் பொருள் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்தால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.