தீவு தேடும் தம்பதியர்

கல்யாணக் களை முகத்தை விட்டு அகலாத இளம் தம்பதியர், மறுவீடும் விருந்துகளும் ஒருவாறு ஓய்ந்தபின், கடற்கரையுள்ள தீவு ஒன்றில் இரண்டு நாள் நிம்மதியாகத் தங்கி வரலாமென்று யோசிப்பது சிங்கப்பூரின் தேக்காவில் இன்று சர்வ சாதாரணமான காரியமாகிவிட்டது. செந்தோசாவுக்குப் போகலாமா, லாசரஸ் தீவு போதுமா, கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு பிந்தானுக்கே போய்விடலாமா என்று அவர்கள் விவாதிப்பதை மார்க்கெட்டின் சாப்பாட்டு மேசைகளில் எவரும் கேட்கலாம். விலையையும் மணலின் வெண்மையையும் விசாரித்து அறிகின்றனர். அந்தத் தீவுகளின் பூர்வ கதையை மட்டும் ஏனோ எவரும் விசாரிப்பதில்லை. அக்கதையில் நம் பாட்டன் பாட்டியரும் பாத்திரங்களாக இருப்பதனால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தேக்காவில் வாழ்ந்த தமிழனுக்குச் சமுத்திரம் என்பது உல்லாசத்தின் இருப்பிடம் அன்று. மனைவியையும் அவனையும் பிரித்துவைத்த பெரும் பரப்பு அது. மாட்டுக் கொட்டில்களிலும், துறைமுகத்திலும், நகரசபையின் சாலை வேலைகளிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்களாய் வந்தவர்கள். இன்றைய தேக்கா மார்க்கெட்டின் முன்னோடியான கந்தாங் கெர்பாவ் மார்க்கெட் 1915-ல் எழுந்தபோது அதைச் சுற்றியிருந்த சந்துகளில் தமிழ்ப் பெண்ணின் முகத்தைக் காண்பதே அபூர்வம். தஞ்சையிலோ ராமநாதபுரத்திலோ ஒரு கூரை வீட்டில் மனைவி காத்திருக்க, இங்கே ஒரே அறையில் பத்துப் பேரோடு பாய் விரித்துப் படுத்த கணவன், மாதந்தோறும் மணியார்டரும், எழுதத் தெரிந்த நண்பன் ஒருவன் உதவியால் ஒரு கடிதமும் அனுப்பிக் குடும்பம் நடத்தினான். ஆண்டுகள் கழிந்து, கையில் சிறிது பணம் சேர்ந்து, குடியிருக்க ஒரு தனி அறையும் கிடைத்த பின்னரே மனைவியைக் கப்பலேற்றி அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதத் துணிந்தான்.

அந்தக் கப்பல்களில் முதியோர் இன்றும் பாசத்தோடு நினைவுகூர்வது ராஜுலாவை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தமான அக்கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓயாமல் போய்வந்து, இலட்சக்கணக்கான நம்மவரைச் சுமந்தது. அறை எடுத்துப் பயணம் செய்ய வசதியுள்ளவர் சிலரே. ஏனையோர் அனைவரும், மூட்டை முடிச்சுகளோடும் ஊறுகாய் ஜாடிகளோடும், மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்த டெக் பயணிகள். வெயிலும் உப்புக் காற்றும் குமட்டலுமாகக் கழிந்த அந்தக் கடற்பிரயாணத்தின் முடிவில், சிங்கப்பூரின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் நின்றவுடன், நேரே கணவன் நிற்கும் துறைக்குப் போய்விடலாமென்று நம்பிய பல பெண்களுக்கு, அதற்கு முன்பாக வேறொரு கரையில் இறங்க நேர்ந்தது. அக்கரைதான் செயின்ட் ஜான்ஸ் தீவு.

சிங்கப்பூரின் பெருநிலத்துக்குத் தெற்கே சுமார் ஆறரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இச்சிறு தீவு, இந்நகரத்தின் சரித்திரத்தில் முதல் பக்கத்திலேயே இடம்பெற்றது. 1819 ஜனவரி 28-ஆம் தேதி, நகரை நிறுவிய ராஃபிள்ஸின் கப்பல் நங்கூரம் பாய்ச்சியது இத்தீவின் அருகில்தான். அவர் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கால்வைத்தது அதற்கு மறுநாள். பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒதுங்கிக் கிடந்த தீவை, 1873-ஆம் ஆண்டு நகரத்தைச் சூறையாடிய காலரா அதிகாரிகளின் நினைவுக்குக் கொண்டுவந்தது. கப்பல்களில் வருவோரோடு நோயும் இறங்குகிறது என்று கண்ட அரசாங்கம், 1874-ல் அங்கே ஒரு குவாரண்டீன் நிலையத்தைத் திறந்தது. அதன்பின் நூறாண்டு காலம், சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களும், மக்கா யாத்திரை முடிந்து திரும்பிய ஹாஜிகளும் அத்தீவின் நீண்ட கொட்டகைகளைக் கடந்தே சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டியிருந்தது. 1930-களில் ஆசியக் கண்டத்தின் குடிபெயர்வோரைச் சோதிக்கும் நிலையங்களுள் அது உலகப் பிரசித்தி பெற்றிருந்தது.

அங்கே நடந்தது என்ன என்பதை நெருங்கி நின்று பார்க்க வேண்டும். கப்பல் நின்றதும் வைத்தியர் ஏறுவார். அம்மையோ பேதியோ ஒருவரிடம் தென்பட்டாலும், சந்தேகமே எழுந்தாலும், டெக் பயணிகள் அனைவரும் விசைப்படகுகளில் தீவுக்கு இறக்கப்படுவர். அறைப் பயணிகளோ பெரும்பாலும் நேரே நகரத்துக்குப் போய்விடுவர். கட்டியிருந்த துணியையும் கொண்டுவந்த மூட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மருந்து கலந்த நீரில் குளித்து வர வேண்டும். துணிகள் நீராவிக் கலங்களில் வெந்து, சுருங்கி, ஈரமும் மருந்து நெடியுமாகத் திரும்பி வரும். தாலி கட்டியவனையன்றி வேறு ஆடவரோடு முகம் கொடுத்துப் பேசியும் அறியாத கிராமத்துப் பெண், அந்நிய பாஷை பேசும் உத்தியோகஸ்தர் முன் தன் கூறைப் புடவையை நீட்டிய கணத்தில் அவள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்த அரசாங்க அறிக்கையும் எழுதி வைக்கவில்லை. அம்மை குத்திக்கொண்டு, கொட்டகையில் நாட்களை எண்ணி, நோயில்லை என்று சான்று கிடைத்தபின்தான் துறைக்குப் படகு. நோய் கண்டவர்கள் மருத்துவக் கொட்டகைக்குச் சென்றார்கள். அவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. ஏழைகளைக் கூட்டமாக அடைத்ததும் பணக்காரரை விட்டுவிட்டதும் அநீதியே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தக் கொட்டகைகள் இல்லாதிருந்தால் நெருக்கமான தேக்காச் சந்துகளில் காலரா என்ன செய்திருக்கும் என்பதையும் நினைக்கவே வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இதே தீவு வேறுவகைச் சிறையாயிற்று. காலனி ஆட்சியை எதிர்த்தவர்கள் விசாரணையின்றி அங்கே வைக்கப்பட்டனர். 1951-ல் கைதான ஆசிரியர் தேவன் நாயர் அவர்களுள் ஒருவர். அவரே முப்பது ஆண்டுகள் கழித்து, 1981-ல், சிங்கப்பூரின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 1955 முதல் அபின் பழக்கத்தில் சிக்கியவர்களை மீட்கும் நிலையமும் அங்கே நடந்தது. 1970-களின் நடுவில்தான் இவையெல்லாம் ஓய்ந்து, பழைய கட்டடங்கள் விடுமுறை முகாம்களாகி, நீந்துவதற்கான கடற்கரைகளும் ஏற்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தென்கடல் தீவுகளில் வாழ்ந்த மலாய்க் குடிகளோ படிப்படியாகப் பெருநிலத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். உல்லாசத் தீவு என்று இன்று நாம் சொல்லும்போது, அதற்காகத் தம் வீட்டு வாசலையும் மீன்பிடித் துறையையும் விட்டுக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பது மறக்கத்தக்கதன்று.

செந்தோசாவின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. மரணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி, புலாவ் பிளாக்காங் மாத்தி என்று வழங்கிய அத்தீவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் பீரங்கிக் கோட்டைகளால் நிரப்பினர். சிலோசோ, செராப்பொங், கன்னாட் என்ற அக்கோட்டைகளில் சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களுமான இந்தியப் பீரங்கி வீரர்களும் காவல் புரிந்தனர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நகரைக் கைப்பற்றியபின், கடலில் சுட்டுத் தள்ளப்பட்ட சீனர்களின் சடலங்கள் இதே கரையில் ஒதுங்க, கைதிகளாயிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அவற்றை மணலில் புதைத்தார்கள். 1967-ல் தீவு சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை அமைக்கலாமென்ற யோசனை எழுந்த வேளையில், பொருளாதார ஆலோசகர் வின்செமியஸும் நகர அமைப்பாளர் ஆலன் சோவும் அதை ஜனங்களின் பொழுதுபோக்குக்காகக் காப்பாற்ற வேண்டுமென்று வாதிட்டு வென்றனர். அந்த ஒரு தீர்மானத்துக்காக இந்நகரத்தின் ஒவ்வொரு குடும்பமும் அவர்களுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறது. பொதுமக்களிடையே போட்டி வைத்து, அமைதி என்று பொருள்படும் புதுப் பெயரைச் சூட்டினார்கள். மேம்பாட்டுக் கழகம் 1972-லும், கேபிள் கார் 1974-லும், தரைவழிப் பாலம் 1992-லும் வந்தன. இன்று தம்பதியர் கைகோத்து நடக்கும் அக்கரைகளின் மணலில் பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. கோட்டைக்காக அமைந்த கரை நடப்பதற்கு ஏற்றதாயிருக்கவில்லை.

ஏனைய தீவுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். புலாவ் உபின் கருங்கல் வெட்டிய தீவு. கடலைக் காட்டிலும் காடும் மிதிவண்டியும் விரும்புவோர்க்கு ஏற்றது. கூசுவில் சீனர் கோயிலும், குன்றின்மேல் மலாய்ப் பெரியோரின் சமாதிகளும் இருப்பதால் அது வழிபாட்டுக்குரிய இடம். இந்தோனேசியாவைச் சேர்ந்த பிந்தானின் வடகரை 1990-களில் விடுதிகளால் நிரம்பியது. பணமும் நேரமும் உள்ளவர் தானா மேரா துறையிலிருந்து அங்கே போகலாம்.

எந்தத் தீவைத் தெரிந்தெடுப்பது என்று என்னைக் கேட்கும் இளையோருக்கு, செயின்ட் ஜான்ஸையும் அதனோடு தரைப்பாதையால் இணைந்த லாசரஸையுமே நான் சொல்வது வழக்கம். தேக்காவிலிருந்து செந்தோசா மிக எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறினால் இடையில் மாறாமலே ஹார்பர்ஃபிரண்ட் போய்ச் சேரலாம். ஆனால் அந்த எளிமையே அங்கே கூட்டத்தைப் பெருக்கிவிட்டது. தனிமையை நாடிச் சென்றவர்க்குக் கிடைப்பது வரிசையும் வாத்திய ஓசையும். மற்ற வழியிலோ, டோபி காட்டில் ரயில் மாறி மரினா சவுத் பியருக்குப் போய் ஃபெர்ரி ஏற வேண்டும். அந்தச் சிறு சிரமத்துக்கு ஈடாக, லாசரஸில் பிறைபோல் வளைந்த கரையும், அலை அடங்கிய தெளிநீரும், வார நாட்களில் அநேகமாக ஆளரவமற்ற நிழலும் கிடைக்கின்றன. 2023-ல் அங்கே இரவு தங்குவதற்குச் சிறு குடில்களும் திறக்கப்பட்டன. நிழலில் படுத்துறங்கும் பூனைகளைத் தாண்டி, செயின்ட் ஜான்ஸில் எஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களின் பக்கமாக நடந்து செல்லும் புதுமணப்பெண், தன் பாட்டி கணவன் முகம் காணக் காத்திருந்த மண்ணில் தன் கணவனோடு நடக்கிறாள். இத்தகைய உரிமையை நமக்குத் தரக்கூடிய தீவு வேறொன்று இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

செயின்ட் ஜான்ஸில் சாப்பாட்டுக் கடை கிடையாது. ஆகையால் விடிந்ததும் தேக்கா மார்க்கெட்டில் இட்லியும் வடையும் பொட்டலம் கட்டிக்கொண்டு, தண்ணீரும் குடையும் எடுத்துக்கொண்டு, திரும்பும் படகின் நேரத்தைத் துறையிலேயே கேட்டு வைத்துக்கொண்டு புறப்படுங்கள். அதற்கு முந்திய நாளே, ராஜுலாவில் வந்திறங்கிய பெரியவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அருகில் உட்கார்ந்து அந்தக் கொட்டகை நாட்களைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். அவற்றைத் தாமே கண்டவர்கள் இன்னும் சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.