உதிரிகளைப் பூட்டிய காலம்

'அசெம்பிள்டு' என்னும் சொல்லைச் சிதம்பரத்தில் நாங்கள் முதன்முதலாகக் கேட்டபோது அது ஏறத்தாழ ஒரு வசைச்சொல்லாகவே ஒலித்தது. ஆண்டு 2001. "கம்பெனி சிஸ்டமா, அசெம்பிள்டா?" என்று வினவியவரின் குரலில், தங்கமா கவரிங்கா என்று கேட்கும் தொனி இருந்தது. கவரிங் நகைக்குப் பெயர்பெற்ற ஊரிலேயே இப்படி ஓர் ஏளனம்! ஆனால் இந்நாட்டுக் கணினியின் வரலாற்றைப் புரட்டினால், அதன் முதல் ஏடே உதிரிகளைப் பூட்டியவர்களின் ஏடாக இருப்பதைக் காண்கிறோம்.

1950களின் நடுவில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி. 2எம் என்னும் கணினியை வரவழைத்தது. அது விலைக்கு வாங்கிய இயந்திரம். அதே காலத்தில் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வழியைத் தேர்ந்தது. நாமே கட்டிப் பார்ப்போம் என்று துணிந்தது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் ஆர்.நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு பயின்று, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, 1954இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தவர். குழுவினரில் பெரும்பாலோர் அதற்குமுன் கணினி ஒன்றைத் தொட்டும் அறியாதவர்கள்.

அவர்கள் எடுத்த எடுப்பில் பெரிய இயந்திரத்தைக் கட்டத் தொடங்கவில்லை என்பதே நாம் கருத வேண்டிய செய்தி. முதலில் ஒரு சிறிய முன்னோடி இயந்திரத்தைச் செய்து, 1956இல் அதை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எண்ணம் சரி என்று தெளிந்த பிறகே முழு இயந்திரத்தில் கைவைத்தார்கள். அதில் ஏறத்தாழ 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள்! பழைய வால்வு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே செம்மஞ்சளாய் ஒளிரும் ஐந்தாறு குழல்களைப் பார்த்தவர்கள், அத்தகைய 2,700 குழல்கள் ஒருசேரக் கனலும் அறையைக் கற்பனை செய்துகொள்ளலாம். வால்வு என்றால் ஒன்றில்லாவிட்டால் ஒன்று அணைந்துகொண்டேயிருக்கும். நினைவகமோ ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கோத்தது. ஒவ்வொன்றும் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள் அதில் அடங்கும். நம் கணக்கில் 10 கிலோபைட்டு! இயந்திரம் 1960இல் முறைப்படி பணிக்கு வந்தது. 1962இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். அதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. எனவே அது பிறக்கும்போதே மூப்பெய்திய குழந்தை என்று சிலர் குறை கூறுவர். நாம் அதை ஏற்பதற்கில்லை. அதைக் கட்டியவர்களுக்குக் கணினியின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றும் அறிமுகமாகிவிட்டது. அந்த அறிவை எந்த இறக்குமதியும் தந்திராது.

(நரசிம்மன் பிற்காலத்தில் எழுதிய நூல்கள் மொழிநடத்தை பற்றியும் எழுத்தறிவு பற்றியும் அமைந்தவை. தமிழ் படித்த நாம் அவரைப் படிக்காமல் விட்டது நம் குறையே.)

உதிரிகள் தனிமனிதர் கைக்கு எட்டியது இதற்கு வெகுகாலம் பின்னர். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.சி.யை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பி, பிறர் செய்து விற்கும் பாகங்களைக் கொண்டே அதை அமைத்தது. போதாக்குறைக்கு மின்சுற்று வரைபடங்களையும் கையேடாக வெளியிட்டது. பிறகென்ன? அதைப் பார்த்து இணையான இயந்திரம் செய்யப் பலர் கிளம்பினர். பலகை ஒருவரிடமும் வன்தட்டு இன்னொருவரிடமும் வாங்கிப் பூட்டினால் கணினி என்றாகிவிட்டது. இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை இறக்குமதிக் கதவைச் சற்றே திறந்தது. 1990களின் இறுதியில் சுங்கவரியும் இறங்கலாயிற்று. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் பாகங்களால் நிரம்பின.

அந்தத் தெருவுக்குத்தான் நாங்கள் மூவரும் போனோம். முதுகலைத் தமிழ் மாணவர்கள். கடலூர்க் கடற்கரைச் சிற்றூர்களில் மூதாட்டியர் பலரிடம் ஒப்பாரிப் பாடல்களைக் கேட்டு எழுதிக் குவித்திருந்தோம். தட்டச்சு நிலையத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து மாளாது. ஏறத்தாழ 28,000 ரூபாய் திரட்டினோம். நிறுவனக் கணினி அதைப்போல் ஒன்றரை மடங்கு கேட்டது. பாகங்களைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, பாரிமுனையிலிருந்து பேருந்தேறி, நள்ளிரவில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் வீட்டில் இறங்கினோம். படக்குழாய்த் திரை மட்டும் தனி இருக்கையில் பயணம் செய்தது. அதற்கும் சீட்டு வாங்க நேர்ந்தது!

மறுநாள் பூட்டத் தொடங்கினோம். ராமுக்கு இரண்டு வெட்டு. அவை பொருந்தினாலன்றி இறங்காது. வன்தட்டுக்கு 40 ஊசிகள். பட்டை வடத்தின் சிவப்புக்கோடு முதல் ஊசிப் பக்கம் இருத்தல் வேண்டும். எல்லாம் யாப்புப் போலவே இருந்தது. ஆனால் வெண்பாவில் தளை தட்டினால் ஆசிரியர் சொல்லிவிடுவார். இங்கே சொல்வார் யாருமில்லை. பொத்தானை அழுத்தினோம். விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது. மீண்டும் அழுத்தினோம். அதே அரைச்சுற்று. 28,000 ரூபாயும் அந்த அரைச்சுற்றில் நின்றுபோனதாகவே பட்டது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாலையில், தெருமுனையில் ரேடியோ, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரை அழைத்துவந்தோம். கணினியை அவர் திறந்து பார்த்ததில்லை. சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "பெட்டிய விட்டு வெளிய எடுங்க தம்பி. போர்ட மட்டும் தனியா வச்சுப் பாப்போம்" என்றார். தாய்ப்பலகையை ஓர் அட்டையின்மேல் கிடத்தினோம். பொத்தானுக்குரிய இரண்டு ஊசிகளைத் திருப்புளி நுனியால் அவர் ஒரு கணம் தொட்டார். விசிறி சுழன்றது; திரையில் எழுத்துகள் வந்தன!

குற்றம் பெட்டியில் இருந்தது. பலகையைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களில் ஒன்றைத் துளையில்லாத இடத்தில் திருகிவிட்டிருந்தோம். அது பலகையின் முதுகில் பட்டு மின்குறுக்கை உண்டாக்கியிருக்கிறது. அந்த ஒரு குமிழைக் கழற்றியதும் எல்லாம் நேரானது. டிஃப்ராக்கின் கதையைப் பல்லாண்டு கழித்துப் படித்தபோது அந்த அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். பெரிய கூட்டுக்குள் பூட்டுமுன் சிறிதாக ஓட்டிப் பார்ப்பது. பம்பாய் விஞ்ஞானிகளின் முறையும் மஞ்சக்குப்பம் ரேடியோக்காரரின் முறையும் ஒன்றே.

பூட்டத் தெரிந்ததால் பழுது நீக்கவும் தெரிந்தது. கடற்காற்றில் ராமின் பொன்முலாம் மங்கும். பென்சில் அழிப்பானால் தேய்த்தால் சரியாகும். மின்தடை கூடவே இருந்தது. நெய்வேலி இருக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்வதற்கே கூச்சம்! இருமுறை எஸ்.எம்.பி.எஸ். எரிந்தது, இருமுறையும் நாங்களே மாற்றினோம்.

மாற்ற முடியாத ஒன்றை மட்டும் அப்போது நாங்கள் உணரவில்லை. அது எழுத்துரு. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, தமிழக அரசு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் தரப்படுத்திவிட்டிருந்தது. ஒருங்குறியும் அதற்கு முன்பே இருந்தது. நாங்களோ எவரோ நெகிழ்வட்டில் தந்த ஓர் எழுத்துருவில் பாடல்களை அடித்துக்கொண்டிருந்தோம். திரையில் தமிழ் தெரிந்தது. அதுவே போதும் என்றிருந்தோம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியது. நண்பர் வீட்டு ஓடு பறந்து, பரணில் கிடந்த அந்தக் கணினி நனைந்தது. கையெழுத்துக் குறிப்பேடுகள் கூழாயின. பலகை போயிற்று. வன்தட்டைத் துடைத்து உலர்த்தி, பழைய வடத்தோடு வேறொரு கணினியில் பூட்டினோம். ஓடியது. கோப்புகள் அத்தனையும் இருந்தன. திறந்தால் தமிழ் இல்லை. ரோமன் எழுத்துகளும் தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகளுமாய் நிரைநிரையாக நின்றன. எழுத்துருவைத் தந்தவரும் கிடைக்கவில்லை. அச்சிட்ட படியாக ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முப்பது பாடல்கள் மட்டும் எஞ்சியிருந்தன.

அந்த முப்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்தத் தமிழெழுத்து என்று ஒவ்வொன்றாய்ப் பட்டியலிடுகிறோம். பழைய எழுத்துருவில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் வரவேண்டும். 'கொ' என்பதை மூன்று துண்டாகக் கழற்றி மறுபடி பூட்டியாகவேண்டும். காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே குறியைப் பல இடங்களில் நாங்களே அடித்து வைத்திருக்கிறோம்; அங்கெல்லாம் பாடியவரைக் கேட்டால்தான் தெரியும். பாடியவர்களில் ஒருவரும் இன்றில்லை. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு பாடல்கள் மீண்டிருக்கின்றன.