செம்மணியும் பொன்முகமும்

பொன் என்றால் யாருக்குத்தான் கண் விரியாது? எகிப்து தேசத்து வாலிப அரசன் துட்டன்காமனின் கல்லறையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கும் விரிந்தது.

1922ஆம் வருஷம் நவம்பர் மாதம், மன்னர் பள்ளத்தாக்கிலே ஹோவார்டு கார்ட்டர் என்னும் ஆங்கிலேயரின் ஆட்கள் மணலுக்கடியில் ஒரு படிக்கட்டைக் கண்டார்கள். படி இறங்கிச் சென்ற இடத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் குவிந்து கிடந்தன. தேர்கள், கட்டில்கள், சிம்மாசனம், நகைப் பெட்டிகள், எல்லாம் அரசன் மறுமையில் பயன்படுத்த! ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பேழைகள். உள்ளே இருந்த கடைசிப் பேழை 110 கிலோ சொக்கத் தங்கம். அதற்குள் கிடந்தவன் இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளை. அவன் முகத்தின்மேல் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பொன்முகம். அதிலே சூதுபவளமும், லாபிஸ் லாஸுலி என்னும் கருநீலக் கல்லும், வண்ணக் கண்ணாடியும் பதித்திருந்தார்கள்.

இத்தனை பொன்னுக்கு நடுவே கார்ட்டரின் மனத்தை மிகவும் உருக்கியது எது தெரியுமா? பேழையின் நெற்றியில் யாரோ வைத்துவிட்டுப் போன சிறு பூமாலை. மூவாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் பூவிலே கொஞ்சம் நிறம் மிச்சமிருந்ததாம்.

"இதெல்லாம் எகிப்தில் இருக்கிற சமாசாரம், கோயமுத்தூர்க்காரனுக்கு இதில் என்ன வந்தது?" என்று நேயர்கள் கேட்கலாம். வந்திருக்கிறது. அதைச் சொல்லுமுன் என்னுடைய பழைய திருட்டு ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

காங்கயம் பக்கத்திலே எங்கள் அப்பத்தாவின் ஊர். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் அங்கேதான் வாசம். ஊருக்கு வெளியே மேட்டாங்காட்டில் பெரிய பெரிய கற்கள் வட்டமாகப் புதைந்து கிடக்கும். நடுவிலே சாய்ந்த பலகைக் கற்கள். ஜனங்கள் அதைப் 'பாண்டவர் குழி' என்பார்கள். ஒரு நாள் இரவு நல்ல மழை. மறுநாள் காலையில் அந்தக் கற்களின் ஓரம் ஓடிய நீர் ஒரு சிவப்பு மணியைக் கழுவி வெளியே போட்டிருந்தது. இலந்தைக் கொட்டை அளவுதான் இருக்கும். வெயிலில் பிடித்தால் உள்ளே நெருப்பு எரிவதுபோலத் தெரியும். அதன்மேல் வெள்ளையாக மெல்லிய கோடுகள்.

ஓடிப்போய் அப்பத்தாவிடம் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"எங்கிருந்து எடுத்தியோ அங்கயே வெச்சுட்டு வந்துரு கண்ணு. யாருக்கோ ஆசையா வெச்சது. அவிய வந்து கேட்டா என்ன சொல்லுவே?"

வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னேன், வைக்கவில்லை. சட்டைப் பையில் அதைக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து, வகுப்புத் தோழன் ஒருவனுக்கு நாலு கோலிகுண்டுக்குக் கொடுத்துவிட்டேன்!

அந்த வியாபாரத்தில் என்ன இழந்தேன் என்று எனக்குத் தெரிந்தது பல வருஷங்களுக்குப் பிறகு, கொடுமணலில்.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது அந்தச் சிறு கிராமம். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய கொடுமணம் இதுதான் என்பது அறிஞர் கருத்து. சேரரின் கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குப் போகும் பெருவழியில் இருந்த ஊர். 1985ஆம் வருஷம் முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் கா. ராஜன் முதலியோர் இங்கே அகழ்ந்தார்கள். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் தொடர்ந்தன.

ஊர் மேட்டிலே இரும்பு உருக்கிய உலைகள் இருந்தன. மணி கடைந்த பட்டறைகளின் மிச்சங்களும் கிடைத்தன. சிவன்மலைப் பக்கத்து நீலமும், படியூரின் நீலப்பச்சைப் பெரில் கல்லும் அங்கே மணிகளாக மாறின. ஊருக்கு வெளியே பரந்து கிடந்தது இடுகாடு. நான்கு பாறைப் பலகைகளை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, ஒரு பலகையில் வட்டமாகத் துளை போட்டிருக்கிறார்கள். இடுதுளை என்று அதற்குப் பெயர். உயிர் வந்து போகத்தான் அந்த வாசலோ என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கல்லறைகளில் ஒன்றில் மட்டும் 2,200க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. இன்னொரு கல்லறையில் ஒரு புலி. செம்புக் கலவையில் செய்து, உடம்பெங்கும் சூதுபவளமும் நீலமும் பதித்த சிறிய புலி. பொன்முகத்தைக் கண்டு விரிந்த என் கண் இதைப் படத்தில் கண்டபோதும் விரிந்தது. எந்த வேளிரின் கல்லறையோ, எந்த வணிகனுடையதோ! செத்தவனுக்கு அழகான பொருளைத் துணையாக அனுப்ப வேண்டும் என்ற ஆசை நைல் கரைக்கும் நொய்யல் கரைக்கும் பொதுவாகவே இருந்திருக்கிறது.

இந்த மணிகள் எவ்வளவு தூரம் நடந்திருக்கின்றன, பாருங்கள்! சூதுபவளம் கொங்கு நாட்டில் விளையும் கல் அல்ல. கூர்ஜரத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கொடுமணலில் லாபிஸ் லாஸுலி மணியும் கிடைத்திருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பழங்காலத்தில் பேர்போன சுரங்கம் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் இருந்தது. துட்டன்காமனின் பொன்முகத்தில் கண்ணைச் சுற்றித் தீட்டிய மைபோல இருப்பதும் அதே கல்தான். நம் பக்கத்திலிருந்தும் அங்கே சரக்குப் போயிருக்கிறது. இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் பதம் செய்த உடலில், மூக்குத் துவாரத்தில் மிளகு வைத்திருந்தார்கள்!

ஒரு வித்தியாசமும் உண்டு. எகிப்திலே அரசன் பெயர் பொருளுக்குப் பொருள் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொடுமணலில் புலியோடு போனவன் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அங்கே கிடைத்த பானை ஓடுகளில், கண்ணன் ஆதன் என்பது போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. தலைவன் பெயர் போய்விட்டது. சட்டிபானை வைத்திருந்தவன் பெயர் நின்றுவிட்டது. எனக்கென்னவோ இந்த நியாயம் பிடித்திருக்கிறது.

அகழ்ந்த குழியின் ஓரத்தில் நின்றபோது, அங்கே வேலை செய்த இளைஞர் ஒருவரிடம் என் பழைய மணியைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"மணி போனாப் போகுதுங்க. அது எந்தக் குழியில, எந்தப் பானைக்குப் பக்கத்துல கெடந்துதுன்னு தெரியாமப் போச்சே! அதுதானுங்க நட்டம்" என்றார்.

எவ்வளவு உண்மை! துட்டன்காமன் கல்லறையிலும் பழங்காலத்திலேயே இரண்டு தடவை திருடர்கள் புகுந்தார்கள். பிறகு வேறொரு கல்லறை வெட்டியவர்களின் மண்ணும் குடிசைகளும் அதன் வாசலை மூடி மறைத்ததால் அது தப்பியது. கொங்கு நாட்டுக் கல்வட்டங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வேலி போட ஒரு கல், வீட்டுக் கடைக்காலுக்கு ஒரு கல், ஜல்லிக்கு ஒரு கல். பிறகு சமன் செய்த காட்டில் சோளம். உழுகிறவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் நாலு கோலிகுண்டுக்கு விற்றவன்.

அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் தொல்லியலின் முதல் பாடத்தை எனக்கு அவள்தான் சொன்னாள். எடுத்த இடத்திலேயே வை என்று. கார்ட்டரை உருக்கிய பூமாலையை வைத்த கையும், மேட்டாங்காட்டிலே அந்தச் செம்மணியை வைத்த கையும் ஒரே ஜாதிக் கைகள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் தோட்டத்தின் மூலையில் அப்படி ஒரு கல்வட்டம் இருந்தால், ஏரைக் கொஞ்சம் ஒதுக்கி ஓட்டுங்கள். மழை ஒரு மணியைக் கழுவிக் கொடுத்தால், இடத்தைக் குறித்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். என்னைப்போல் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வைத்தவர்கள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.