துள்ளிசைக்குத் தந்தை யார்?

நாட்டார் பாடல் பற்றிய பாடம் முடிந்ததும், வீட்டிலும் அயலிலும் வழங்கும் பாடல்களைக் கேட்டு எழுதிவருமாறு மாணவரைப் பணிப்பது நமது வழக்கம். தாலாட்டும் ஒப்பாரியும் அரிவுவெட்டுப் பாடலும் நிறைந்த கொப்பிகளுக்கிடையே, மாணவன் ஒருவன் 'சின்ன மாமியே' என்னும் பாடலை அழகாக எழுதி வந்திருந்தான். அதனைச் சிவப்பு மையால் வெட்டி, 'இது நாட்டார் பாடலன்று. பொப்பிசை' என்று ஓரத்திற் குறித்துக் கொடுத்தோம். அவன் எழுந்து நின்று கேட்டான்:

"சேர், இது அம்மம்மா பாடினது. ஆர் எழுதினதெண்டு அவவுக்கும் தெரியாது. அப்ப ஏன் இது நாட்டார் பாட்டில்லை?"

ஆக்கியோன் பெயர் அறியப்படாது, வாய்மொழியாகத் தலைமுறை தோறும் வழங்கிவருவது நாட்டார் பாடல் என்ற வரைவிலக்கணத்தை முதல் நாள்தான் கரும்பலகையில் எழுதியிருந்தோம். அவனுடைய அம்மம்மாவைப் பொறுத்தவரையில் அப்பாடல் அவ்வரைவிலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்திற்று. 'பாடியவர் பெயர் நமக்குத் தெரியும்' என்று கூறி அவனை அமரச் செய்தோமாயினும், அது விடையாகாது என்பதை நாமே உணர்ந்தோம். அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

'சின்ன மாமியே' பாடலைப் பரப்பியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். 1960-களின் பிற்பகுதியிற் பாடத் தொடங்கிப் பின்னர் ஆஸ்திரேலியாவிற் குடியேறிய இவரையே ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை எனப் பலர் கொள்வர். மாமியிடம் மகளைப் பற்றிக் கேலியாக வினவும் அப்பாடலும், 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்னும் அறிவுரைப் பாடலும் இவருடைய பெயரைக் குடாநாட்டின் மூலைமுடுக்கெங்கும் கொண்டுசென்றன. வேறு சிலர், 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' எனப் பட்டம் பெற்ற ஏ. ஈ. மனோகரனுக்கே முதன்மை தருவர். 'சுராங்கனி'யைக் கடல்கடந்து பரப்பியவரும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978-இல் வெளிவந்த 'வாடைக்காற்று' திரைப்படத்தில் நடித்தவருமான இவர் 2018-இல் சென்னையிற் காலமானார். இவர்களோடு திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களையும், ஸ்ரான்லி சிவானந்தன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை முதலானோரையும் நினைவுகூர்வோர் உளர். முதலிற் பாடியவரா, முதலில் இசைத்தட்டு வெளியிட்டவரா, மிகுதியாகப் புகழ் பெற்றவரா, எவர் தந்தை என்னும் வாதம் நண்பர் கூட்டங்களிலும் நினைவுமலர்களிலும் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இவ்வாதத்தில் எவர் பக்கம் சேர்வது என்பது நமது நோக்கமன்று. ஒரு கலை வடிவத்துக்குத் தனியொருவரைத் தந்தையாக்கும்பொழுது, அவ்வடிவத்தை ஆக்கித் தந்த பெயரற்ற பல்லாயிரம் மக்களை வரலாற்றிலிருந்து வெளியேற்றிவிடுகின்றோம் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. பொப்பிசையின் வேர்களைச் சற்றே அகழ்ந்து பார்ப்பின் இவ்வுண்மை புலனாகும்.

இப்பாடல்களின் உயிர்நாடி அவற்றின் தாளம். மூன்று மூன்றாகத் துள்ளும் ஆறு அட்சரத் தாளம் அது. கர்நாடக இசை பயின்ற செவிக்குத் திஸ்ர நடையை நினைவூட்டுவது. ஆனால் நம் பாடகர் அதனைச் சங்கீத வகுப்பிற் கற்றாரல்லர். தென்னிலங்கையின் பைலாவிலிருந்து பெற்றனர். சிங்களப் பைலாவுக்கும் ஒரு 'தந்தை' உண்டு. கொழும்பிற் போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தராகக் கடமையாற்றிய வொலி பஸ்தியன்ஸ் என்பவரே அவர் (1914–1985). அவரோ அத்தாளத்தைப் பறங்கியரின் கொண்டாட்டங்களில் வழங்கிய கபரிஞ்ஞாவிலிருந்து எடுத்தாண்டார். பைலா என்ற பெயர் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. கபரிஞ்ஞா என்ற பெயரோ காப்பிரியரைச் சுட்டுவது. போர்த்துக்கேயர் படைவீரராகவும் அடிமைகளாகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களே காப்பிரியர் எனப்பட்டனர். அவர்தம் வழிவந்தோர் புத்தளத்துக்கு அருகே இன்றும் வாழ்கின்றனர். தம் முன்னோரின் 'மஞ்ச' இசையைப் பாடியும் ஆடியும் வருகின்றனர்.

1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயரைப் பற்றி எழுதுவோர், அவர்கள் இடித்த கோயில்களையும் கட்டிய கோட்டையையும் கூறுவர். அவர்கள் விலங்கிட்டுக் கொண்டுவந்த மனிதரின் தாளம், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் உரும்பிராய் இளைஞனொருவனின் பாட்டிலும் ஒலித்தது என்பதை எந்தப் பாடநூலும் கூறுவதில்லை. ஆண்டவன் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டது. அடிமையின் பெயரோ அழிந்தது. எனினும் அவனது தாளம் நிலைத்தது.

இரண்டாவது வேர் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ளது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் திரினிடாட்டில் வளர்த்த கலிப்சோ, அதிகாரத்தைக் கேலி செய்யும் பாட்டாகப் புகழ்பெற்றது. 1956-இல் ஹரி பெலபொன்ரே வெளியிட்ட இசைத்தட்டு அதனை உலகெங்கும் பரப்பிற்று. இலங்கையிலும் கித்தாரும் கொங்கோ மேளமும் ஏந்திய இளைஞர் குழுக்கள் தோன்றின. நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ், கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் பாடிய மூன்ஸ்ரோன்ஸ் என்பன அவற்றுட் புகழ்பெற்றவை. தமிழ் இளைஞர் இவற்றைக் கேட்டனர். அதே வாத்தியங்களை ஏந்தித் தம் பேச்சுமொழியிற் பாடினர். 1956-ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் இரு மக்களையும் பிரித்து நிறுத்திய காலத்திலேயே, அவர்தம் இளைஞர் ஒரே தாளத்துக்குக் கைதட்டினர் என்பது சிந்தனைக்குரியது.

இனி, பெயர் பற்றிய பிணக்கை நோக்குவோம். 'பொப்' என்பது மக்களிடையே பரந்து வழங்குவது என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அச்சொல்லை விரும்பாதோர் 'துள்ளிசை' என்றனர். வானொலி, கவிஞர் எழுதி இசையமைப்பாளர் மெட்டமைத்த ஈழத்துப் பாடல்களுக்கு 'மெல்லிசை' என்ற பெயரை வழங்கியது. மெல்லிசைக்கு ஒலிப்பதிவுக்கூடம் வேண்டும். துள்ளிசைக்குக் கூடி நின்று கைதட்டும் கூட்டம் போதும். மெல்லிசை பெரும்பாலும் எழுத்துமொழியை நாடிற்று. துள்ளிசையோ மாமியையும் மச்சாளையும் அவர்கள் பேசும் மொழியிலேயே விளித்தது. ஆகவே இவ்விரண்டையும் பிரிப்பது சுருதியுமன்று, இராகமுமன்று. பாடப்படும் இடமும் பாடுவோர் கேட்போர் உறவுமே என்று கூறலாம்.

இத்தகைய பிணக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இன்றைய மாணவர் சிலர் காதிற் பொருத்திக் கேட்கும் 'ஹெவி மெற்றல்' என்னும் மேலைநாட்டு இசையின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். பலர் அதன் தொடக்கமாக, இங்கிலாந்தின் தொழில் நகரான பேர்மிங்ஹாமைச் சேர்ந்த பிளக் சபத் குழு 1970-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டைக் காட்டுவர். வேறு சிலர், 1968-இல் அமெரிக்காவின் புளூ சியர் குழு எழுப்பிய பேரொலியையோ, லெட் செப்பலின் குழுவையோ முன்வைப்பர். அப்பெயர் சூட்டப்பட்ட குழுவினருட் சிலர் அதனை ஏற்க மறுத்தமையும் உண்டு. ஆயின், பிளக் சபத் குழுவின் கித்தார்க் கலைஞர் ரொனி அயோமி, உலோகத்தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த இறுதி நாளன்று, தம் வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பலிகொடுத்தவர். உருக்கிய பிளாஸ்ரிக்கினால் விரலுறை செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். நொந்த விரலுக்கு இசைய நரம்புகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். அவ்விசையின் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. அதற்கு முன்னோடியாகிய புளூஸ் இசையோ, அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களுடையது. 'முதற் குழு எது?' என்று தர்க்கிப்போர், தொழிற்சாலை தின்ற விரலையும் பருத்தி பறித்த கையையும் மறந்துவிடுகின்றனர். நமது தர்க்கமும் அத்தகையதே.

கலப்பு என்றதும் முகஞ்சுளிப்போர்க்கு இன்னொன்றையும் நினைவூட்டலாம். 1956-இல் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய 'மனமே' சிங்கள நாடகத்தின் மறுமலர்ச்சி எனப் போற்றப்படுகின்றது. அவர் ஆதாரமாகக் கொண்ட 'நாடகம' என்னும் வடிவமோ, தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து சிங்களவர் பெற்றது. அவ்வாக்கத்தின் வெற்றி நம் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கும் ஊக்கமளித்தது, 1960-களிற் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் கூத்தைப் புதிதாக மேடையேற்றினார். கூத்து தமிழரிடமிருந்து சிங்களவருக்குச் சென்றது. பைலாத் தாளம் சிங்களவரிடமிருந்து தமிழருக்கு வந்தது. முன்னையதைப் பெருமையாகவும் பின்னையதை இழிவாகவும் கொள்வது எவ்வகையிலும் நேர்மையாகாது.

கூத்துக்கு ஒரு வித்தியானந்தன் வாய்த்தார். கர்நாடக இசைக்கு 1960-இல் மருதனார்மடத்தில் ஒரு கழகம் எழுந்து, பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பொப்பிசைக்கு அத்தகைய ஆதரவு வாய்க்கவில்லை. பண்டிதர் அதனை இலக்கணமற்றது என்றனர். நம் முற்போக்கு முகாமிலும், அது மேலைநாட்டுச் சீரழிவின் எதிரொலி என்று ஒதுக்கும் குரல் உண்டு. இக்குரலில் ஒரு பகுதி உண்மை உள்ளது என்பதை மறைக்கலாகாது. 1966 ஒக்ரோபர் 21-இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே செல்லும் உரிமைக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் நின்றனர். அதே ஆண்டுகளிற் பரவிய புகழ்பெற்ற துள்ளிசைப் பாடல்களில் அப்போராட்டத்தின் சுவட்டை நாம் காணவில்லை. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று குடிப்பவனுக்குப் புத்தி சொன்ன பாட்டு, விடியுமுன் பனையேறிக் கள்ளிறக்கியவனின் நெஞ்சுத் தழும்பைக் காணவில்லை. இது அவ்விசையின் குறைபாடு. அதனைப் பாடிய இளைஞரின் சமூக நிலை விதித்த எல்லையுமாகும்.

ஆயினும் குறைபாட்டைக் கூறுவது வேறு, இருப்பையே மறுப்பது வேறு. பொப்பிசை பரவிய காலத்தை நோக்குங்கள். 1970-க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. குடாநாட்டின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வருகை குறைந்தது. எதற்கும் சென்னையையே நோக்கியிருந்த யாழ்ப்பாணம், தன் குரலிற் பாடியவனைத் திரும்பிப் பார்த்தது. கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் பாடசாலை விழாவிலும் அக்குரல் ஒலித்தது. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகத் திரைப்படம் 'சுராங்கனி'யை எடுத்தாண்டபோது, கொடுக்கல் வாங்கலின் திசை ஒருமுறையேனும் மாறிற்று. இன்று தமிழகத்தில் அதனைத் திரைப்பாடலென்றே எண்ணுவோர் பலர். நம் வரலாற்றை நாம் எழுதாவிடின் நேர்வது இதுவே.

அவ்வரலாற்றின் சான்றுகளும் அருகிவருகின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்த ஏடுகளை உலகமறியும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது, இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் எவர் சுமந்து செல்வர்? எஞ்சியிருப்பது மனிதரின் நினைவு மட்டுமே. அம்மம்மாக்களின் நினைவு. அதுவும் நெடுநாள் நிலைக்காது.

ஆதலால் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுதான். 'தந்தை யார்?' என்னும் வினாவைச் சிறிது ஒதுக்கிவைப்போம். இப்பாடலை எவரிடம் கேட்டீர்கள்? எந்த வீட்டில், எந்த விழாவிற் பாடினர்? எவர் பாட அனுமதிக்கப்பட்டனர், எவர் வேலிக்கு வெளியே நின்று கேட்டனர்? எந்தச் சொல்லை மாற்றிப் பாடினர்? இவ்வினாக்களோடு முதியோரிடம் சென்று, அவர் கூறுவதை எழுதிக்கொள்வோம். பாடகரின் பெயரும் வரலாற்றில் நிற்கட்டும். அவருக்குத் தாளம் கொடுத்த காப்பிரியரும், அவர் பாட்டை ஐம்பது ஆண்டுகள் காத்த அம்மம்மாவும் அதே பக்கத்தில் இடம்பெறட்டும்.

அடுத்த நாள் அம்மாணவனின் கொப்பியைத் திரும்ப வாங்கினோம். சிவப்புக் கோட்டை அழிக்க இயலவில்லை. அதன் அருகே, வெட்டியது தவறென்று எழுதிப் புள்ளியிட்டோம். அதன் கீழே, 'அம்மம்மா இதனை முதன்முதல் எங்கே கேட்டார் என்று விசாரித்து எழுதுக' என்றும் குறித்துக் கொடுத்தோம்.