பகுதி வலிப்பு: நோயும், மருத்துவமனைப் பில்லில் வரும் குறியீடும்

வலிப்பு வந்த ஒருவரை மருத்துவமனையில் சேர்த்து, அல்லாஹ்வின் அருளால் நலம் பெற்று வீடு திரும்பும்போது நம் கையில் டிஸ்சார்ஜ் சம்மரி தரப்படுகிறது. அதிலோ பில்லிலோ நோயின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஜி 40.2’ அல்லது ‘ஆர் 56.8’ என்பது போல ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்தக் குறியீட்டைப் போடுபவர் நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார். டாக்டர் எழுதிய சொற்களை வைத்தே அவர் போடுகிறார். டாக்டரும் பெரும்பாலும் வலிப்பு வந்த நேரத்தில் அருகில் இருந்திருக்க மாட்டார். வீட்டார் சொன்னதைக் கேட்டே அவர் எழுதத் தொடங்குகிறார். ஆகவே, கண்ணால் கண்ட நாம் சொல்லும் சாட்சியம்தான் மருந்து, குறியீடு, பில் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதைச் சரியாகச் சொல்ல என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

பகுதி வலிப்பு என்றால் என்ன?

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்பு மூலம் வேலை செய்கின்றன. அந்தத் துடிப்பு திடீரெனக் கட்டுக்கடங்காமல் போவதே வலிப்பு. மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தொடங்கினால் அது பொது வலிப்பு. ஒரு பக்கத்தில், ஓரிடத்தில் மட்டும் தொடங்கினால் அது பகுதி வலிப்பு. டாக்டர்கள் ‘ஃபோக்கல் சீஷர்’ என்று எழுதுவது இதைத்தான்.

எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அந்த இடத்தின் வேலைக்கேற்ப அறிகுறி மாறும். சிலருக்கு ஒரு கையோ, வாயின் ஒரு பக்கமோ மட்டும் துடிக்கும். சிலருக்கு ஒரு பக்கம் மரத்துப்போகும், கண் முன் ஒளி தெரியும், இல்லாத வாடை வரும், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல இருக்கும். நினைவு தப்பாமல் இவை நிகழலாம். இன்னும் சிலர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெறித்துப் பார்ப்பார்கள், வாயை மெல்லுவார்கள், சட்டைப் பொத்தானைத் தடவுவார்கள், கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார்கள். ஓரிரு நிமிடத்தில் தெளிந்த பிறகு நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவிருக்காது. இது நினைவு பாதிக்கப்படும் பகுதி வலிப்பு. பகுதியாகத் தொடங்கி, மூளை முழுதும் பரவி, கைகால் எல்லாம் வெட்டி இழுப்பதும் உண்டு.

இரண்டாவது வகையைத்தான் நம் வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளை கவனமில்லாமல் இருக்கிறான் என்று அடிப்பதும், ஜின் தீண்டியது என்று மாதக்கணக்கில் அலைவதும் நடக்கிறது. ஓதிப் பார்ப்பதும் துஆ செய்வதும் நம் ஈமானின் பாற்பட்டவை. அவற்றுக்காக டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பன்றி உண்ணாத வீட்டில் நாடாப்புழு நோயா?

பகுதி வலிப்புக்கு மூளையில் ஓரிடத்தில் ஏற்பட்ட பாதிப்பு காரணமாக இருக்கலாம். பழைய தலைக்காயம், பக்கவாதம், கட்டி, காசநோய்க் கட்டி, பிறப்பின்போது ஏற்பட்ட பாதிப்பு ஆகியவை அவற்றுள் சில. நம் நாட்டில் முக்கியமான இன்னொரு காரணம், பன்றி நாடாப்புழுவின் இளம் உருவம் மூளையில் தங்குவதால் வரும் ‘நியூரோசிஸ்டிசர்கோசிஸ்’. இதன் தனிக் கட்டியை ஸ்கேனில் இனங்காணும் அளவுகோல்களை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர்கள் ராஜசேகரும் சாண்டியும் 1990களில் வகுத்தார்கள்.

‘நாங்கள் பன்றி இறைச்சியைத் தொடுவதே இல்லையே, எங்களுக்கு எப்படி?’ என்று நம்மவர்கள் அதிர்ச்சியோடு கேட்பதுண்டு. இறைச்சியை உண்பவருக்குக் குடலில் புழு வளர்கிறது. அவருடைய மலத்தோடு வெளியேறும் முட்டைகள் தண்ணீர், கழுவாத கீரை, சுத்தமில்லாத கை வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போகும்போதுதான் மூளையைப் பாதிக்கும் நோய் வருகிறது. ஆகவே இறைச்சியையே தொடாத சைவருக்கும் இது வரலாம். இதில் வெட்கப்படவோ, ஹலால் பேணுதலில் குறை வைத்தோமோ என்று கலங்கவோ ஒன்றுமில்லை.

குறியீடு எங்கிருந்து வந்தது?

உலகமெங்கும் நோய்களை ஒரே முறையில் பதிவு செய்யப் பயன்படுவது ‘ஐசிடி’ எனப்படும் பன்னாட்டு நோய் வகைப்பாடு. பாரிஸ் நகரப் புள்ளிவிவரத் துறையின் தலைவர் ழாக் பெர்த்தியோன் 1893ஆம் ஆண்டு முன்வைத்த மரணக் காரணங்களின் பட்டியலே இதன் வித்து. 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் இதை நடத்துகிறது. பத்தாம் பதிப்பு 1990இல் ஏற்கப்பட்டது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், நம் பில்களில் இன்னும் பரவலாகக் காணப்படுவது பத்தாம் பதிப்புதான்.

அதில் வலிப்பு தொடர்பாக நாம் அடிக்கடி சந்திக்கும் குறியீடுகள் இவை:

• ஜி 40.0 – காரணம் புலப்படாத, பகுதியாகத் தொடங்கும் வலிப்பு நோய்
• ஜி 40.1 – நினைவு மாறாத பகுதி வலிப்புள்ள நோய்
• ஜி 40.2 – நினைவு பாதிக்கப்படும் பகுதி வலிப்புள்ள நோய்
• ஜி 40.9 – வகை குறிப்பிடாத வலிப்பு நோய்
• ஜி 41 – நிற்காமல் தொடரும் வலிப்பு
• ஆர் 56.0 – காய்ச்சலால் வரும் வலிப்பு
• ஆர் 56.8 – வகைப்படுத்தப்படாத பிற வலிப்பு
• எஃப் 44.5 – மன அழுத்தத்தால் வரும், வலிப்பு போன்ற நிலை
• பி 69.0 – மூளையில் நாடாப்புழுக் கட்டி

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2017இல் பெயர்களை மாற்றியது. ‘காம்ப்ளெக்ஸ் பார்ஷியல்’ என்று முன்பு சொன்னது, ‘நினைவு பாதிக்கப்பட்ட ஃபோக்கல்’ ஆனது. குறியீட்டுப் பட்டியலோ அதற்கு முந்தியது. அதனால் டாக்டர் எழுதுவது புதுப் பெயராகவும் பில்லில் வருவது பழைய பெயராகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே நோய்தான்.

ஒருமுறை வந்த ஃபிட்ஸும் வலிப்பு நோயும்

‘ஆர் 56’ என்பது நிகழ்ந்த ஓர் அறிகுறி. ‘ஜி 40’ என்பது ஒரு நோய். இந்த வேறுபாடு மிக முக்கியமானது. காய்ச்சல், சர்க்கரை குறைவு, உப்புச் சத்துக் குறைவு போன்ற உடனடிக் காரணத்தால் ஒருமுறை வலிப்பு வந்தால் அது வலிப்பு நோயாகாது. அத்தகைய காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கும் மேலான இடைவெளியில் இரண்டு முறை வந்தால் வலிப்பு நோய் என்கிறார்கள். ஒருமுறைதான் வந்தது என்றாலும், ஸ்கேனையும் மற்றவற்றையும் வைத்து மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று டாக்டர் கருதினால் அதுவும் வலிப்பு நோயே. ஈஈஜி சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அவசரத்தில் ‘சீஷர் டிஸ்ஆர்டர்’ என்று எழுதிவிட்டால், குறியீடு போடுபவர் அதை ஜி 40.9 பக்கம் கொண்டுபோவார். ‘ஒருமுறை வந்த சீஷர், காரணம் ஆராயப்படுகிறது’ என்று எழுதினால் அது ஆர் 56 ஆகும். எது உண்மையோ அதுவே எழுதப்பட்டிருக்கிறதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நம் உரிமை. நாடாப்புழுக் கட்டி போன்ற காரணம் தெரிந்திருந்தால், அதற்குரிய குறியீடும் சேர்ந்து வர வேண்டும்.

இன்சூரன்ஸில் என்ன நடக்கும்?

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019 செப்டம்பர் 27 அன்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஏற்கெனவே இருப்பதாகத் தெரிவிக்கப்பட்ட நோய்களில் எவற்றை, பாலிசி எடுப்பவரின் சம்மதத்தோடு, நிரந்தரமாக விலக்கி வைக்கலாம் என்ற பட்டியல் அதில் இருந்தது. வலிப்பு நோய் ஜி 40 என்ற குறியீட்டோடு அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. ஆர் 56க்குரிய இடத்தில் தவறி ஜி 40 விழுந்தால் எவ்வளவு இழப்பு என்பது இதிலிருந்து விளங்கும். பாலிசி எடுக்கும்போது விலக்கப்பட்டவை பகுதியை ஒருமுறை படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகள் சில வகையில் நமக்குச் சாதகமானவை. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். 60 மாதம் இடைவிடாமல் பாலிசி கட்டியவரிடம், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, ‘அப்போது சொல்லவில்லை’ என்று காரணம் காட்டி மறுக்க முடியாது.

கேட்ட தொகையைக் கம்பெனி மறுக்கும் பல வழக்குகளில் பிரச்சினை அட்மிஷன் குறிப்பில் இருக்கிறது. ‘5 மாதமாக’ என்று வீட்டார் சொன்னது ‘5 வருடமாக’ என்று பதிவானால், பாலிசிக்கு முந்தைய நோயாக அது மாறிவிடும். நோயாளியைப் பற்றி முழுதும் தெரிந்த ஒருவரே அந்த விவரத்தைச் சொல்ல வேண்டும். தவறு இருந்தால் அந்த டாக்டரிடமே எழுத்தில் திருத்தம் கேட்க வேண்டும்.

மறுப்பு வந்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமில்லை. புதுச்சேரி நகரமும் காரைக்காலும் சென்னை ஆம்பட்ஸ்மேனின் எல்லைக்குள் வருகின்றன.

அரசுக் காப்பீடு, பிரான்ஸ், வளைகுடா

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சை கிடைக்கும். மாதாமாதம் புறநோயாளியாகப் போய் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. அதற்குக் கோரிமேடு ஜிப்மர், அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களே நம் குடும்பங்களுக்குத் துணை. கோட்டக்குப்பத்தில் வாழ்வோர் சிகிச்சைக்குப் புதுச்சேரி வந்தாலும் அவர்களுடைய அட்டை தமிழ்நாட்டுடையது. அந்த அட்டை இங்கே செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன் கவுன்டரில் கேட்டுவிட வேண்டும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களும், பிரான்ஸில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் நம்மிடையே பல. பிரான்ஸில் முழுச் செலவையும் அரசுக் காப்பீடு ஏற்கும் நீண்டகால நோய்களின் பட்டியலில், ஒன்பதாவது எண்ணின் கீழ் கடுமையான வலிப்பு நோயும் இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனைகளும் இதே ஐசிடி பத்தாம் பதிப்பைத்தான் பின்பற்றுகின்றன.

ஐக்கிய அரபு அமீரகத்தில் அதன் அமெரிக்க வடிவமும், சவூதியில் ஆஸ்திரேலிய வடிவமும் வழக்கில் உள்ளன. அமெரிக்க வடிவத்தில் எண்கள் நீளும். ஜி 40.209 என்றால் நினைவு பாதிக்கப்படும் பகுதி வலிப்பு, மருந்துக்குக் கட்டுப்படுகிறது. ஜி 40.219 என்றால் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. ஊரிலிருந்து பைலை எடுத்துச் செல்பவர்கள், எத்தனை மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்கிச் செல்வது நல்லது.

வீட்டார் செய்ய வேண்டியவை

• கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் மீண்டும் வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.
• ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுக்க வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம்.
• எந்தப் பக்கம் முதலில் துடித்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கூப்பிட்டபோது பதில் வந்ததா என்று கவனியுங்கள். ஒருவர் உதவும்போது இன்னொருவர் செல்போனில் படமெடுக்கலாம். அதை டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள்.
• தெளிந்த பிறகு ஒரு கையோ காலோ சற்று நேரம் தளர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். முதல் முறையாக இப்படி நேர்ந்தால் பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால் தாமதிக்க வேண்டாம்.
• டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ஈஈஜி, பில் எல்லாவற்றையும் ஒரே பைலில் வையுங்கள்.
• ரமலானில் நோன்புக்காக மாத்திரையை விட்டுவிட வேண்டாம். ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுக்கும்படி மாற்ற முடியுமா என்று ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். முடியாதென்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இருக்கிறது.

மறைப்பதா, சொல்வதா?

‘பெண்பிள்ளை, ஃபிட்ஸ் என்று எழுதாதீர்கள், மயக்கம் என்று எழுதிவிடுங்கள்’ என்று டாக்டரிடம் கெஞ்சும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் அப்படி எழுதினால் தவறான மருந்து கிடைக்கலாம். காப்பீட்டில் அது பொய் விவரமாகி, பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கதவு அடைபடலாம். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1இலும் வலிப்பு உண்டா என்று கேட்கப்படுகிறது. அங்கே உண்மையை மறைப்பது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். நிக்காஹ் பேசும்போதும் சம்பந்தப்பட்ட வீட்டாரிடம் மட்டும் உள்ளதைச் சொல்வதே அமானிதம். சபையில் பரப்ப வேண்டியதில்லை.

வலிப்பு நோயுடைய ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்ட நிகழ்வு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பொறுமைக்குச் சுவனம் என்று அறிந்து, நோயைப் பொறுத்துக்கொள்ள அவர் இசைந்தார். வலிப்பின்போது தம் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ செய்யும்படி வேண்டினார். நபியவர்களும் அவ்வாறே செய்தார்கள். தம் நோயை அவர் மறைக்கவில்லை. அவரை யாரும் இழிவாகவும் பார்க்கவில்லை. ‘காக்கா வலிப்பு’ என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் நோயோடு வாழ்ந்த அவரைத்தான், சுவனத்துப் பெண் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாவுக்குச் சுட்டிக்காட்டினார்கள்.

மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவிய மார்க்கம் நம்முடையது. கண்டதைக் கண்டபடி சொல்வோம், எழுதப்பட்டதைச் சரிபார்ப்போம், மருந்தை விடாமல் கொடுப்போம். நோயாளிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.