ஒரு சீட்டுக்காக

இலங்கையின் 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தை ஏட்டில் படித்தால் பெரிய குறை தெரியாது. தொழிலாளியின் ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம் தொடரும். ஒரு வாரம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விலகலாம். சொல்லாமல் போனால்தான் குற்றம். அதற்குச் சிறைகூட இருந்தது.

தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் அந்த ஒரு வாரம் பெரும்பாலும் பேச்சளவில்தான் இருந்தது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த செலவு, கொழுந்துக் கூடைக்கு முன்பே கொடுத்த அரிசி, கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் எல்லாம் ஆட்களைத் திரட்டி வந்த பெரியாங்கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று தோட்டத்துத் தொரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைத் தீர்க்கும். ஆட்களின் பெயரில் அது மறுபடி எழுதப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் கடன் எவ்வளவு என்று எங்கே போய்ச் சரிபார்ப்பார்? துண்டு இல்லாமல் இரவோடிரவாக மலையேறியவரைத் தேடிப் பொலிஸ் வரும். இந்த முறை ஒழிந்தது 1921இல்.

அடுத்து வந்த காகிதம் இன்னும் கனமானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. அதைக் கடக்க வதிவை நிரூபிக்க வேண்டும். 1946 ஜனவரி 1க்கு முன், திருமணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கினால் தொடர்ச்சி அறுந்தது. நோயில் கிடந்த தாயைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போய், கையில் காசில்லாமல் பதின்மூன்றாம் மாதம் திரும்பியவருக்குச் சட்டம் சொன்ன பெயர் 'தொடர்ந்து வதியாதவர்'.

இங்கே தலைவர்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. கோபம் நியாயமானது, ஆனால் காலக்கெடு அதற்காகக் காத்திருக்கவில்லை. மனுக்களுக்குக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. முடிவு மாறியபோது எஞ்சிய காலத்துக்குள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் லயமாகப் படிவம் நிரப்ப வேண்டியதாயிற்று. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக 2 லட்சத்து 37 ஆயிரம் மனுக்கள் போயின. 1964வரை பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

ஆதாரமாகக் காட்ட வேண்டிய காகிதங்களிலும் சிக்கல் இருந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய பெயர் செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் ஒன்று, பிறப்புப் பதிவில் இன்னொன்று. ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று ஆளானார். அலட்சியம் எழுதியவருடையது, அதற்கான விலையைக் கொடுத்தது எழுதப்பட்டவர்.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டது. நாடற்றவர் என்ற நிலை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1964இல் ஒப்பமிட்ட அதே தேதிதான் அந்தச் சட்டத்திலும் அளவுகோல்: அந்த நாளிலிருந்து இங்கேயே வதிந்தவரும் அவர் வழித்தோன்றல்களும் பிரஜைகள்.

2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி தோட்டத்து மக்களுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்திலிருந்து தனி வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பழைய சாமான்களோடு பாட்டன் காலத்துப் பிரஜாவுரிமைப் பதிவுச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் அடுப்பில் போட்டுவிட வேண்டாம். பெயரில் ஓர் எழுத்துப் பிழையிருந்தாலும், பிள்ளைக்கு அடையாள அட்டை கேட்கும் வயது வரும் முன்பே பிரதேச செயலகத்தில் திருத்த மனுக் கொடுத்துவிடுங்கள்.