நோய்ப்படுக்கையில் ஒரு வாசகர் வட்டம்



நோயாளியின் உடலுக்கு மருந்து உண்டு; உள்ளத்திற்கு என்ன உண்டு? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனையின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1894இல் தோன்றிய அவ்வில்லத்தில், 1896 முதல் புனித வின்சென்ட் தே பவுல் பிறரன்புச் சகோதரிகள் பணியாற்றினர். அங்கே வந்தவர் பலர், குடும்பத்திற்கு இழுக்கு நேராதிருக்கத் தம் பெயரையே மாற்றிக்கொண்டனர், வாக்குரிமையையும் இழந்தனர். 1931இல் வந்த யூத மருந்தாளர் ஒருவர் ஸ்டான்லி ஸ்டைன் என்னும் புதுப்பெயர் பூண்டார். அவ்வாண்டே சக நோயாளிகளைச் சேர்த்து ஓர் இதழைத் தொடங்கினார். 1934இல் அது நின்றுபோயிற்று. 1941இல் 'தி ஸ்டார்' என்னும் பெயரில் மீண்டும் வெளிவந்தபோது, அவர் கண்பார்வை இழந்திருந்தார். ஆயினும் தளரவில்லை. பிறர் வாசிக்க அவர் கேட்டார். அவர் சொல்லப் பிறர் எழுதினர். 'லெப்பர்' என்னும் இழிசொல்லை அவ்விதழ் விடாது எதிர்த்தது. 1946இல் நோயாளிகளுக்கு வாக்குரிமை திரும்பக் கிடைத்தது.

1941இல் அங்கே தொடங்கிய புரோமின் சிகிச்சை உடலைத் தேற்றியது. வாசிப்போ, 'நானும் மனிதன்' என்னும் உணர்வை மீட்டளித்தது.

நாமும் நோயாளிகளைச் சந்திக்கச் செல்கிறோம். ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு நூலையும் எடுத்துச் செல்வோம். அரைமணி நேரம் உரக்க வாசிப்போம். பின்பு அவர்தம் கருத்தையும் கேட்போம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் செவிசாய்த்தால், அங்கே ஒரு வாசகர் வட்டம் பிறந்துவிட்டது!